பாண்டியைக் கையில் எடுக்கும் முன்

எங்கள் வீடு மதுரை திருநகரில் இருக்கிறது. மொட்டை மாடியில் கம்பிவலை அடித்த அறை ஒன்றில் பச்சை இகுவானா என்ற பெரிய வெளிநாட்டுப் பல்லி ஒன்றை வளர்க்கிறோம். பெயர் பாண்டி. மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை ஐந்தடிக்குச் சற்றுக் குறைவு, அதில் பாதிக்கு மேல் வால்தான். மகன் கல்லூரியில் படித்த காலத்தில் கொண்டுவந்தான். வேலை கிடைத்து அவன் கோயம்புத்தூர் போன பிறகு பொறுப்பு என்னிடம் வந்தது.

பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "கடிக்குமா?" என்றுதான். கடிக்கும். பற்கள் சிறியவை என்றாலும் ரம்பம் போன்ற விளிம்பு கொண்டவை, சதையைக் கிழித்துவிடும். வாலைச் சுழற்றி அடித்தால் தோல் தடித்துப்போகும். நகம் கீறும். ஆனால் எந்த இகுவானாவும் காரணமில்லாமல் கடிப்பதில்லை. தப்பிக்க வேறு வழியில்லை என்று அதற்குத் தோன்றும்போது கடிக்கிறது. அப்படித் தோன்றவிடாமல் பார்த்துக்கொள்வதில்தான் நம் கையின் பாதுகாப்பு இருக்கிறது. என் கணவருக்குப் பாண்டியைக் கையாளக் கற்றுக்கொடுத்தபோதுதான் இது எனக்கு முழுமையாகத் தெளிந்தது.

கற்றுக்கொடுக்க வேண்டிய தேவை மகளால் வந்தது. தலைப்பிரசவத்துக்காக ஏழாம் மாதத்தில் வீட்டுக்கு வருவதாக இருந்தாள். இகுவானா, ஆமை, பாம்பு என ஊர்வன எதுவானாலும் அதன் குடலில் சால்மோனெல்லா என்ற பாக்டீரியா இருக்கலாம். விலங்குக்கு எந்த நோயும் தெரியாது, பார்க்க நன்றாகவே இருக்கும். அதன் எச்சம், குளித்த தண்ணீர், தோல், கூண்டு, தீவனத் தட்டு எல்லாவற்றிலும் கிருமி ஒட்டியிருக்கும். நம் கை வழியாக வாய்க்குப் போனால் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வயிற்று வலி வரும். திடமான பெரியவர்கள் பெரும்பாலும் சில நாட்களில் தேறிவிடுவார்கள். கர்ப்பிணி, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை, அறுபத்தைந்து வயதைக் கடந்தவர், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் ஆகியோருக்கு அது உயிருக்கே ஆபத்தாகலாம். சின்னக் குழந்தை உள்ள வீட்டில் ஊர்வன வேண்டாம் என்பதே மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் அறிவுரை. எங்கள் வீட்டில் எண்பதைத் தொடும் மாமியாரும் இருக்கிறார்.

மகள் வருவதற்கு முன்பே ஒரு முடிவு எடுத்தோம். குழந்தையைத் தொடும் கை பாண்டியைத் தொடாது. பாண்டியைத் தொடும் கை குழந்தையைத் தொடாது. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சமையலும் குழந்தையைக் குளிப்பாட்டுவதும் என் வேலை என்பதால் பாண்டி என் கணவரிடம் போனான். மாடிக்கு வீட்டுக்கு வெளியே தனிப் படிக்கட்டு இருந்தது பெரிய வசதி. நான் பல மாதம் வலைக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி. அது எனக்கு எளிதாக இருக்கவில்லை, ஆனாலும் ஒருநாள்கூட மாற்றிச் செய்யவில்லை.

கணவர் அரசு பஸ் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். கை நடுங்காத மனிதர். ஆனாலும் பாண்டி தலையைத் திருப்பினாலே இரண்டு அடி பின்வாங்குவார். அவருக்கு நான் கொடுத்த முதல் வேலை, தொடாமல் இருப்பதுதான். காலையில் ஒரே நேரத்தில் மாடிக்குப் போய் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து தினத்தாள் படித்துவிட்டு இறங்க வேண்டும், அவ்வளவே. முதல் சில நாட்கள் பாண்டி மரக்கிளையில் உயரத்திலேயே விறைத்து நின்றது. பிறகு அவர் இருக்கும்போதே கீழே இறங்கிக் கீரை தின்னத் தொடங்கியது. ஒருவர் முன்னிலையில் ஒரு விலங்கு சாப்பிடுகிறது என்றால் அவரை அது ஆபத்தாக நினைக்கவில்லை என்று பொருள். அதற்குப் பிறகுதான் கை நீட்டவே சொன்னேன்.

கை நீட்டுவதில் முக்கியமான ஒன்று உண்டு. மேலிருந்து ஒருபோதும் கையைக் கொண்டுபோகக் கூடாது. இகுவானாவின் உச்சந்தலையில் சிறிய வெளிறிய செதில் ஒன்று தெரியும். அதை மூன்றாவது கண் என்றே சொல்லலாம். உருவம் தெரியாது, ஒளியும் நிழலும் மாறுவதை மட்டும் உணரும். காட்டில் அதைத் தூக்கிப்போகும் பறவை மேலிருந்துதான் வரும். திருப்பரங்குன்றம் மலைப் பக்கமிருந்து பருந்து வட்டமிட்டு வந்து அதன் நிழல் மாடியைக் கடந்தாலே பாண்டி கல்லாகி நின்றுவிடும். மேலிருந்து வரும் நம் கையும் அதற்கு அந்தப் பருந்துதான். பக்கவாட்டிலிருந்து, அதன் கண்ணுக்குத் தெரியும்படி, தாழ்வாக, மெதுவாகக் கை வர வேண்டும். வீட்டுப் பல்லி, தாடி டிராகன், சிறுத்தைப் பல்லி என்று எதை வளர்ப்பவருக்கும் இதையேதான் சொல்வேன்.

அடுத்து, அதன் உடல் சொல்வதைப் படிக்க வேண்டும். கழுத்தின் கீழே தொங்கும் அலைதாடியை விரித்துக் காட்டினால், உடலைப் பக்கவாட்டில் தட்டையாக்கித் தன்னைப் பெரிதாகக் காட்டினால், தலையை வேகமாக மேலும் கீழும் ஆட்டினால், வாலை ஒரு பக்கமாக வளைத்துத் தயாராக வைத்திருந்தால், வாயைத் திறந்து சீறினால், அன்று கை வைக்க வேண்டாம். இவை எல்லாம் எச்சரிக்கை. எச்சரிப்பது நல்ல குணம். அதை மதிக்காமல் மீண்டும் மீண்டும் தொந்தரவு செய்தால் எச்சரிக்காமலே கடிக்கப் பழகிவிடும். ஆனால் வெயிலில் காயும்போது வாய் திறந்திருப்பது வேறு. அது சூடு தாங்காமல் வெப்பத்தை வெளியேற்றுவது. உடனே நிழல் வேண்டும். தும்மலும் கோபமல்ல. இகுவானா உடம்பிலுள்ள மிகுதியான உப்பை மூக்கு வழியாகத் தும்மி வெளியேற்றும். மூக்கோரம் வெள்ளையாக உப்புப் படிந்திருப்பதைப் பார்த்துவிட்டுச் சளி பிடித்திருக்கிறது என்று என் கணவர் கவலைப்பட்டார்.

தூக்குவது எப்படி என்பதை எழுதிப் புரியவைப்பது கடினம், இருந்தாலும் எழுதுகிறேன். வலது உள்ளங்கையைப் பக்கவாட்டிலிருந்து மார்புக்குக் கீழே நுழைக்க வேண்டும். முன்னங்கால்கள் விரல்களின் இருபுறமும் வரும். வயிறு நம் முன்கையின் மேல் கிடக்க வேண்டும். இடது கை பின்னங்கால்களையும் வாலின் அடிப்பகுதியையும் தாங்க வேண்டும். மீதி வாலை நம் முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே மெல்ல அணைத்துக்கொண்டால் அது சுழற்றி அடிக்க இடமிருக்காது. நான்கு கால்களும் எதையாவது பற்றியிருக்க வேண்டும். ஒரு கால் அந்தரத்தில் தொங்கினாலும் விழப்போகிறோம் என்று பதறி நம் மேலேயே ஏறும். இறுக்கக் கூடாது. கை தாங்க வேண்டுமே தவிரப் பிடிக்கக் கூடாது.

வாலைப் பிடித்து இழுப்பது மட்டும் எக்காலத்திலும் கூடாது. வீட்டுப் பல்லியைப் போலவே இகுவானாவும் வாலைத் துண்டித்துக்கொண்டு ஓடும். துண்டித்த இடத்தில் மறுபடி வளரும் வாலில் முதுகெலும்புக் கண்ணிகள் இருக்காது, குருத்தெலும்புதான் இருக்கும். நிறமும் நீளமும் பழையபடி வருவதில்லை. மரமேறும் பிராணிக்குச் சமநிலை தருவதும் தற்காப்பு தருவதும் வால்தான்.

இறக்கிவிடுவதில் இன்னும் அதிகப் பொறுமை வேண்டும். துணியில் நகம் மாட்டியிருக்கும்போது இழுத்தால் அதன் விரல் முறியும். ஒவ்வொரு விரலாக மேல்நோக்கித் தூக்கி விடுவிக்க வேண்டும். பிறகு கையைக் கிளைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால் தானாகவே ஏறிக்கொள்ளும். எடுத்துப்போடுவதைவிட ஏறிப்போக விடுவது எப்போதும் நல்லது.

உடையைப் பற்றிப் பெண்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். சுங்குடிச் சேலையின் மெல்லிய நூலில் நகம் மாட்டினால் விடுவிப்பது பெரும் பாடு. மகனின் பழைய முழுக்கைச் சட்டை ஒன்றைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டுதான் மாடி அறைக்குள் போவேன். கூந்தலை இறுக்கிக் கொண்டை போட்டுவிடுவேன். தொங்கட்டானைக் கழற்றிவிட்டு, கழுத்துச் சங்கிலியைச் சட்டைக்குள் போட்டுக்கொள்வேன். எவ்வளவு பழகிய இகுவானாவானாலும் முகத்துக்கு அருகே கொண்டுவரக் கூடாது. தோளில் ஏற்றிவைத்துப் படம் எடுப்பது எனக்கு உடன்பாடே இல்லை. கண் ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது.

மருதாணி இட்ட விரல்களிலும் கவனம் வேண்டும். இகுவானாவுக்கு நிறங்கள் நன்றாகத் தெரியும். பாண்டிக்கு மிகவும் பிடித்த தின்பண்டம் செம்பருத்திப் பூ. சிவப்பாக எது அசைந்தாலும் அது பூவா என்று பார்க்க வரும். வளைகாப்புக்கு வந்த உறவுப் பெண்கள் சிவந்த விரல்களை வலைக்குள் நீட்டப் போனார்கள், நான் தடுத்துவிட்டேன். நகப்பூச்சு இட்ட கால் விரல்களுக்கும் இதே ஆபத்து உண்டு. அறைக்குள் செருப்பில்லாமல் போக வேண்டாம். அதற்கு உணவைக் கையால் ஊட்டவும் வேண்டாம். தட்டில் வைத்தால் போதும். விரல் என்றால் தீனி என்று அது பழகக் கூடாது.

ஆண் இகுவானா பருவம் வந்தபின் ஆண்டுக்கு ஒருமுறை இனப்பெருக்கக் காலத்தில் மாறிவிடும். உடலில் செம்மஞ்சள் ஏறும். தீனி குறையும். நேற்றுவரை கையில் படுத்திருந்தது இன்று துரத்தும். அந்த நாட்களில் தீவனமும் தண்ணீரும் வைப்பது, சுத்தம் செய்வது தவிர வேறெதற்கும் உள்ளே போவதில்லை. போகும்போது தடித்த துண்டு ஒன்றைக் கையில் வைத்திருப்போம். அது தாக்க வந்தால் நடுவே விரித்துப் பிடிப்பதற்கு. கணவர் பொறுப்பேற்ற பிறகு அந்தப் பருவம் வந்தது. "என்னை மறந்துவிட்டதா?" என்று வருத்தப்பட்டார். மறக்கவில்லை, காத்திருங்கள் என்றேன். சில வாரங்களில் பழையபடி ஆனது.

மார்கழி, தை மாதக் காலையில் மதுரையிலும் குளிர் உண்டு. ஊர்வன உடல் சூட்டை வெளியிலிருந்து பெறுபவை. வெயில் ஏறும் முன் அதன் உடல் விறைத்திருக்கும், வேகமாக ஓட முடியாது. ஓட முடியாத விலங்கு எதிர்த்து நின்றுதான் தற்காத்துக்கொள்ளப் பார்க்கும். எனவே நன்றாக வெயில் காய்ந்த பிறகே தொட வேண்டும். தின்ற உடனேயும் தூக்க வேண்டாம்.

சித்திரை, வைகாசியில் நிலைமை நேர்மாறு. 40 டிகிரியில் மாடித் தளம் கொதிக்கும். பாதி இடத்துக்குத் தென்னங்கீற்றுப் பந்தலும் பசுமை வலையும் போட்டிருக்கிறோம். எங்கே இருக்க வேண்டும் என்பதை அதுவே தேர்ந்துகொள்ள வெயிலும் நிழலும் இரண்டும் வேண்டும். கண்ணாடித் தொட்டியில் வைத்து வெயிலில் விடுவது கொலைக்குச் சமம். சிறிது நேரத்தில் உள்ளே வெந்துபோகும். அதோடு கண்ணாடி, வெயிலிலுள்ள புற ஊதா பி கதிர்களைத் தடுத்துவிடும். அந்தக் கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உண்டாகும், கால்சியம் எலும்பில் சேரும். நேரடி வெயில் கிடைக்காமல், உரிய விளக்கும் இல்லாமல் வளரும் இகுவானாவின் எலும்பு மெலிந்துவிடும். தாடை வீங்கும், கால் வளையும், உடல் நடுங்கும். அப்படிப்பட்டதைத் தூக்கினாலே எலும்பு முறியலாம். இந்த அறிகுறி தெரிந்தால் தூக்கிப் பார்க்காமல், துணி விரித்த பெட்டியில் வைத்து ஊர்வனவற்றுக்குச் சிகிச்சை செய்யத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அப்படி ஒருவர் எங்கே இருக்கிறார் என்பதை நோய் வருவதற்கு முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தீவனத்தில் மதுரைக்காரர்களுக்குக் கவலையே இல்லை. முருங்கைக் கீரை, அகத்திக்கீரை, செம்பருத்தி இலை, பூசணி, பப்பாளி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கின்றன. பச்சை இகுவானா முழுத் தாவர உண்ணி. புழு, முட்டை, இறைச்சி கொடுத்தால் பிற்காலத்தில் சிறுநீரகம் கெடும்.

மகன் கொண்டுவந்தபோது பாண்டி வாலோடு சேர்த்தே ஓரடிதான். விற்றவர், இதற்கு மேல் பெரிதாக வளராது, சின்னக் கண்ணாடித் தொட்டி போதும் என்று சொல்லியிருக்கிறார். உரிமைக்கான தாள் எதுவும் தரவில்லை. இதை நினைக்கும்போது இன்றும் கோபம் வருகிறது. ஐந்தடியைத் தாண்டி வளரக்கூடிய, நல்ல பராமரிப்பில் 15 முதல் 20 ஆண்டுகள் வாழக்கூடிய உயிரை, படிக்கிற பையனிடம் இப்படிப் பொய் சொல்லி விற்கலாமா? 2020-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் தாமாக அறிவிக்க ஆறு மாத அவகாசம் கொடுத்தபோது மகன் அறிவித்துவிட்டான். 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களுக்கான பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் (CITES) பட்டியலில் உள்ள உயிரினங்களை அந்த அமைச்சகத்தின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிவு செய்வது கட்டாயம். பச்சை இகுவானா அந்தப் பட்டியலில் இருக்கிறது. புதிதாக வாங்குகிறவர் 30 நாட்களுக்குள் பதிய வேண்டும். தாள் இல்லாமல் விற்பவரிடம் வாங்கவே வாங்காதீர்கள்.

நம் மண்ணின் உயிர்களைப் பிடித்து வளர்ப்பது வேறு குற்றம். அழகர்மலை அடிவாரத்தில் பச்சோந்தி கிடைத்தது, கண்மாய்க் கரையில் உடும்புக் குட்டி கிடைத்தது என்று சிலர் என்னிடம் யோசனை கேட்டு வருகிறார்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் உடும்பு முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடிக்கவோ வளர்க்கவோ விற்கவோ கூடாது. இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள், அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள் என்பேன்.

மாமியாருக்கு ஆரம்பத்தில் பாண்டியைப் பார்த்தாலே அச்சம். அரணை நக்கினால் மரணம் என்று கேட்டு வளர்ந்தவர். "தொட்டுவிட்டு அடுக்களைப் பக்கம் வராதே அம்மா" என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். அரணைக்கு நஞ்சு கிடையாது, வீட்டுப் பல்லிக்கும் கிடையாது. ஆனால் அத்தையின் கட்டளையை நான் அப்படியே ஏற்றுக்கொண்டேன், கிருமிக்காக. பாண்டிக்கென்று தனிக் கத்தி, தனிப் பலகை, தனி வாளி, தனிக் குவளை எல்லாம் மாடியிலேயே இருக்கின்றன. தண்ணீரில் இறங்கியதும் எச்சம் போடுவது இகுவானாவின் வழக்கம். எனவே குளிக்கத் தனித் தொட்டி. அந்தத் தண்ணீர் கழிப்பறைக்குத்தான் போகும், அடுக்களைத் தொட்டிக்கோ துணி துவைக்கும் கல்லுக்கோ அல்ல. மாடிக் குழாயடியில் சோப்பு வைத்திருக்கிறோம். அறையைவிட்டு வந்ததும் ஓடும் தண்ணீரில், நக இடுக்கு உட்பட, குறைந்தது 20 விநாடி கை கழுவ வேண்டும். கிருமிநாசினித் திரவத்தைத் தடவிக்கொண்டு இறங்குவது இதற்கு ஈடாகாது. பேரன் பிறந்த பிறகு கணவர் சட்டையையும் மாடியிலேயே மாற்றிவிட்டுத்தான் கீழே இறங்கினார்.

வீட்டுக்குள் அழைத்துவந்து உலவவிடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள். இகுவானா எப்போதும் வீட்டின் மிக உயரமான இடத்தைத் தேடும். திரைச்சீலை வழியாக அலமாரிக்கு மேல் ஏறி அங்கிருந்து தாவும். சுழலும் விசிறி அந்த உயரத்தில்தான் இருக்கிறது. பிறகு ஜன்னல், பிறகு அடுப்பு, பிறகு நாயும் பூனையும்.

எல்லாம் பார்த்தும் கடித்துவிட்டால் கையை உதறி இழுக்காதீர்கள். இழுத்தால்தான் பல் ஆழமாகக் கிழிக்கும். கையைத் தரையோடு தாழ்த்தி, அதன் நான்கு காலும் நிலத்தில் படும்படி வைத்தால் ஓட வழி கிடைத்ததும் பெரும்பாலும் விட்டுவிடும். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பல நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள். டெட்டனஸ் ஊசி தேவையா, கிருமிக்கு மருந்து தேவையா என்பதை அவர் சொல்வார். நாய்க்கடி ஊசி போட வேண்டுமா என்று பலரும் கேட்கிறார்கள். வெறிநோய் பாலூட்டிகளுக்கு மட்டுமே வருவது. பல்லி இனத்துக்கு வராது.

பக்கத்துத் தெருக் கல்லூரி மாணவர் ஒருவர் தனக்கும் இகுவானா வேண்டும் என்று வந்து நிற்கிறார். வாங்குவதற்கு முன் ஞாயிறுதோறும் வந்து கணவரோடு சேர்ந்து அறையைக் கழுவச் சொல்லியிருக்கிறேன். வருகிறார். கழுவுகிறார். இன்னும் தூக்கத் தரவில்லை. வரும் வாரம் பாண்டிக்கு நகம் வெட்ட வேண்டும். நகத்துக்குள் ரத்த நாளம் எங்கே முடிகிறது என்பதை வெளிச்சத்தில் பார்த்து நுனியை மட்டும் நறுக்க வேண்டும், தவறிப் பட்டுவிட்டால் சோள மாவை அழுத்தி வைத்தால் ரத்தம் நிற்கும். வாலையும் பின்னங்காலையும் தாங்கிப் பிடிக்கும் வேலையை அன்று அவருக்குத் தரலாம் என்கிறார் என் கணவர்.